பழைய பொறியும் புதிய சாலையும்

சாலையைப் பற்றி நாம் பேசுவது அது கெட்டுக் கிடக்கும்போதுதான். குழியில் சக்கரம் இறங்கினால் நகராண்மைக் கழகத்தை ஏசுகிறோம். சாலை செம்மையாக இருந்துவிட்டாலோ, அதன்மேல் செல்கிறோம் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. ஈப்போவிலிருந்து தலைநகருக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டதாகப் பெருமை பேசுவோர் தம் வண்டியைப் புகழ்வரேயன்றி, அவ்வண்டியின் கீழே சில சென்டிமீட்டர் கனத்தில் விரிந்து கிடக்கும் கருங்கம்பளத்தைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அக்கம்பளத்தை விரிக்கும் பொறியைப் பற்றியும், அதனைப் பழையதாக வாங்கித் தொழில் செய்ய முனைந்த ஓர் இளைஞனைப் பற்றியும் இங்கு எழுத எண்ணுகிறேன். பள்ளிக்கூடத்து மனிதனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள்க.

நம்மவர்க்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. மலாயாவில் பிரிட்டிஷார் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அமைத்த காலத்தில், பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் வியர்வை சிந்தியவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். 'சடக்கு' என்ற வடநாட்டுச் சொல் நம் தோட்டத்து மக்களின் நாவில் தமிழாகவே ஊறிப்போனது. என் தந்தையாரும் சடக்கு வேலை செய்தவர்தாம். விறகு மூட்டித் தார்ப்பீப்பாயைக் காய்ச்சுவதும், காய்ந்த தாரை வாளியில் முகந்து ஊற்றுவதும், அதன்மேல் சல்லியைத் தூவுவதும், பின்னால் உருளை வண்டி ஊர்ந்து வருவதும் 1970களில் நான் கண்ட காட்சிகள். அவருடைய கால்சட்டையிலிருந்து தார் மணம் எத்தனை முறை துவைத்தாலும் போனதில்லை.

இன்று நிலை வேறு. கல்லும் மணலும் தாரும் ஆலையிலேயே சூடாகக் கலக்கப்பெற்று லோரியில் வந்து சேர்கின்றன. 'பிரிமிக்ஸ்' என்று நம் நாட்டில் எல்லா இனத்தவரும் வழங்கும் கலவை அதுதான். அதனைப் பரப்புவது 'பேவர்' எனப்படும் பொறி. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது முன்னால் தொட்டி கட்டிய டிராக்டர்போல் தோன்றும். தொட்டியில் லோரி கலவையைக் கொட்டும். அடியில் ஓடும் சங்கிலிப் பட்டைகள் அதனைப் பின்னுக்கு இழுத்துச் செல்லும். அங்கே குறுக்காகச் சுழலும் திருகுகள் அதனை இடமும் வலமுமாகத் தள்ளும். அவற்றுக்கும் பின்னால், தடத்தின் அகலத்துக்கு நீண்டிருக்கும் கனத்த இரும்புப் பலகை அதனை அழுத்தி மட்டமாக்கும். ஆங்கிலத்தில் அதனை 'ஸ்கிரீட்' என்பர். கொத்தனார் கையிலுள்ள மட்டப்பலகையின் தமையன் என்று கொள்ளலாமாதலால், மட்டப்பலகை என்றே முதலில் நான் பெயர் வைத்தேன். நான் பழகிய வேலைக் குழுவினர் அதைவிட நல்ல பெயர் வைத்திருந்தனர். அவர்களுக்கு அது 'இஸ்திரி'. சூடில்லாவிட்டால் கலவை பலகையில் ஒட்டிக்கொண்டு பரப்பு கிழிந்துபோகும். எனவே அதற்கு உள்ளிருந்தே சூடேற்றப்படுகிறது. சூடான இரும்பால் தேய்த்துச் செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன? அப்பெயரை இட்டவர் எந்தக் கலைச்சொற் குழுவிலும் அமர்ந்தவரல்லர்.

பொறியின் மதிப்பெல்லாம் இந்தப் பலகையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து அரோராவில் இயங்கிய பார்பர் கிரீன் நிறுவனத்தார் 1930களில் செய்த ஒரு மாற்றமே இன்றைய பேவர்களுக்கெல்லாம் அடிப்படை. பலகையைப் பொறியோடு இறுகப் பிணைத்தால், சக்கரம் மேட்டில் ஏறும்போது பலகையும் ஏறும். பள்ளத்தில் இறங்கும்போது பலகையும் இறங்கும். பழைய சாலையின் குற்றமெல்லாம் புதிய சாலைக்கும் வந்து சேரும். ஆகவே அவர்கள் இரண்டு நீண்ட கைகளால் பலகையை இழுத்துச் செல்ல மட்டும் செய்து, கலவையின்மேல் அதனை மிதக்க விட்டனர். எடை கீழே அழுத்த, கலவை மேலே தாங்க, பொறி முன்னே இழுக்க, இவை யாவும் சமன்படும் உயரத்தில் பலகை தானாக நிற்கும். பரப்பின் கனத்தைக் கூட்டவோ குறைக்கவோ பக்கத்தில் ஒரு திருகு உண்டு. அதனைச் சுழற்றியவுடன் முழு மாற்றமும் தெரியாது. இழுக்கும் கையின் நீளத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரம் பொறி நகர்ந்த பிறகே அது வந்து முடியும். இதை அறியாத புதியவன், இன்னும் மாறவில்லையே என்று மேலும் சுழற்றுவான். பிறகு மிகுந்துவிட்டதென்று திருப்புவான். முடிவில் சாலை அலையலையாகக் கிடக்கும். ஆசிரிய நண்பர்கள் இதைப் படித்துத் தமக்குள் நகைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்லேன்.

நிற்க. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவன் ஒருவன் சாலைக் குத்தகைத் தொழிலில் இருக்கிறான். பெரிய குத்தகையாளர்களிடமிருந்து சிறு வேலைகளை எடுத்துச் செய்பவன். தாமான்களின் உட்சாலை, தோட்டத்துச் சாலை, மாநிலச் சாலையில் ஒரு துண்டு, இவ்வாறாக அவன் வேலை அமையும். ஆள்களும் சிறிய உருளை வண்டி ஒன்றும் அவனிடம் இருந்தன, பேவர் இல்லை. வேலை வரும்போதெல்லாம் பிறரிடம் வாடகைக்கு எடுப்பான். பொறிக்கு உரியவருக்குச் சொந்த வேலை இருக்கும் நாளில் இவன் காத்திருக்க வேண்டும். இவன் காத்திருக்கும் நாளில் மழை இராது. பொறி வந்த நாளில் மழை வரும். செய்த வேலைக்குப் பணம் மூன்று மாதம் கழித்து வரும். வாடகையை அன்றே கொடுத்தாக வேண்டும். இவ்வாறு ஆறாண்டுகள் ஓடின. ஒருநாள் பள்ளிக்கு வந்து, "ஐயா, ஒரு பேவர் வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான். நீங்க கூட வரணும்," என்றான்.

புதியதன் விலை பத்து இலட்சம் வெள்ளியையும் தாண்டக்கூடும். அதை அவன் நினைத்துப் பார்க்கவும் இயலாது. பழையதற்கு வைத்திருந்த பணத்தில் அறுபதாயிரம் அவனுடைய தாயாரின் ஊழியர் சேமநிதி. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பின்னர்க் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துச் சேர்ந்த பணம். எஞ்சியதற்கு வீட்டை ஈடுவைக்க வங்கியில் பேசியிருந்தான். பொறியைப் பற்றி நான் கருத்துரைக்க வேண்டுமென்று அவன் எதிர்பார்க்கவில்லை. பத்திரங்களைப் படிக்கவும், விற்பவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாமல் தன்னைத் தடுக்கவும் ஒருவர் வேண்டும் என்பதே அவன் கருத்து. பொறியைப் பார்க்க வேறொருவரை அழைத்து வந்திருந்தான். அறுபத்தாறு வயது முதியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பெறுமுன் அதன் பல பகுதிகளில் இஸ்திரி பிடித்தவர். அவன் அவரை 'மாமா' என்று அழைத்தான்.

கிள்ளான் பக்கத்தில் பழைய பொறிகள் வரிசையாக நிற்கும் ஒரு திடலுக்குச் சென்றோம். ஜப்பானிலிருந்து வந்தவை பல. அவற்றின் நெம்புகோல்களுக்குக் கீழே ஜப்பானிய எழுத்துகள் அப்படியே இருந்தன. எங்களுக்கு முதலில் காட்டப்பட்ட பேவர் மஞ்சள் வண்ணத்தில் மின்னியது. விலை 180,000 வெள்ளி. மணிக்காட்டி நாலாயிரம் மணி நேரத்துக்குச் சற்று மேல் காட்டியது. இளைஞனின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். முதியவரோ வண்ணத்தைப் பார்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார், நெம்புகோல்களின் குமிழ்களைத் தடவினார், கால்மிதியைப் பார்த்தார். கால்மிதியின் வரிகள் முற்றும் தேய்ந்து இரும்பு வழுவழுப்பாயிருந்தது. நாலாயிரம் மணி நேரம் மிதித்த கால் இப்படித் தேய்க்காது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. அடுத்து இயந்திரத்தின் மூடியைத் திறந்து, புறங்கையை அருகில் கொண்டுசென்றார். காலை ஒன்பது மணிக்கே அது வெதுவெதுப்பாயிருந்தது. நாங்கள் வருமுன் யாரோ ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பதைக் காண்பதே பழைய பொறி வாங்குவோரின் முதற்சோதனை. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்; நில்லாது வரும் வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டக்கூடும். சூடேறிய இயந்திரத்தில் இவை மறைந்துவிடுவதுண்டு.

"பெயிண்ட்ட பாக்காதீங்க தம்பி. அடியில படுத்துப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவரே ஓர் அட்டையை விரித்துப் படுத்தார். பலகையை உயர்த்தித் தாங்குகட்டைகள் வைத்த பிறகுதான் படுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் அவர் மிகக் கண்டிப்பானவர். சட்டைப் பையிலிருந்து தூண்டில் நரம்புச் சுருள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். பலகையின் அடித்தகட்டோடு ஒட்டி நரம்பை முனைக்கு முனை இழுத்துப் பிடித்தோம். இந்தப் பலகை நடுவில் இணையும் இரு பாதிகளால் ஆனது. சாலையின் நடுவை உயர்த்தி மழைநீரை வடியச் செய்வதற்கு அவ்விணைப்பில் ஒரு திருகு உண்டு. அதனை முதலில் சுழியத்துக்குக் கொண்டுவரச் செய்தார். அதன் பிறகும் வலப்பாதியில் நரம்புக்கும் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. தகடு வெப்பத்தால் வளைந்திருந்தது. வளைந்த தகடு ஒவ்வொரு மீட்டரிலும் தன் வளைவைச் சாலையின்மேல் எழுதிக்கொண்டே போகும். தகட்டை மாற்றலாம், ஆனால் தாங்கும் சட்டமே வளைந்திருந்தால் மாற்றியும் பயனில்லை. விற்பவர் இன்முகத்தோடு தேநீர் வழங்கினார். குடித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தோம்.

அங்கு நின்றது பார்ப்பதற்கு அவலமானது. பக்கங்களில் பழைய கலவை கல்லாய் இறுகிக் கிடந்தது. ஒரு குழாயிலிருந்து எண்ணெய் கசிந்தது. இடப்புறச் சங்கிலித் தடத்தின் பட்டைகள் தேய்ந்திருந்தன. விலை 135,000. ஆனால் நரம்பு இப்பலகையோடு முனைக்கு முனை ஒட்டி நின்றது. தகட்டைச் சில காலத்துக்கு முன் மாற்றியிருக்க வேண்டும். கனம் எங்கும் ஒரே அளவாக இருந்தது. தொட்டியின் அடியில் ஓடும் சங்கிலி நீளுந்தோறும் இறுக்குவதற்கான திருகில் பாதி இடம் எஞ்சியிருந்தது. ஆகவே சங்கிலிக்கு இன்னும் வாழ்நாள் உண்டு. நீரியல் எண்ணெயைத் துளியெடுத்து வெயிலில் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால்போல் வெளுத்திருக்குமாம். இது தெளிவாகவே இருந்தது. குளிர்ந்து கிடந்த இயந்திரம் முதல் முயற்சியிலேயே கிளம்பி, சற்றுக் கரும்புகை விட்டுப் பின் தெளிந்தது. இறுதியாகப் பலகையைச் சூடேற்றச் சொல்லி, தகட்டின் பல இடங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் எரியாமல் இருந்தது. "இது சின்ன வேலை," என்றார். அன்று அவர் சொன்ன ஒரே நற்சொல் அதுதான்.

பேரம் 128,000 வெள்ளியில் முடிந்தது. குறைந்த ஏழாயிரத்தை இளைஞன் வண்ணம் பூசுவதற்கு ஒதுக்க விரும்பினான். முதியவர் மறுத்துவிட்டார். அப்பணத்தில் மாற்றுச் சங்கிலிக் கண்ணிகள், எரிமுனைகள், நீரியல் குழாய்கள் வாங்கி வைக்கச் செய்தார். உதிரிப் பாகங்களைத் தேடுவதற்குச் சிறிது வரலாற்றறிவும் வேண்டும் என்பதை அப்போது அறிந்தேன். பொறியின்மேல் பொறித்த பெயர் ஒருவருடையது, இன்று பாகம் தருபவர் வேறொருவர் என்பது இத்தொழிலில் வழக்கம். பார்பர் கிரீன் 1991இல் கேட்டர்பில்லரிடம் சென்றது. 1836இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் தோன்றிய ஃபோகலே 1996இல் விர்ட்கன் குழுமத்தைச் சேர்ந்தது. அக்குழுமமே 2017இல் ஜான் டியர் வசமாயிற்று. இளைஞன் வாங்கியது ஜப்பானியப் பொறி. அதற்குரிய கண்ணிகள் கிள்ளானிலேயே கிடைத்தன.

என் பங்குக்கு ஒரு வேலை பிறகு வந்தது. ஜப்பானிய எழுத்துகளை யாரும் படிக்க இயலவில்லை. கைப்பேசியின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் உதவியது; ஓரிரண்டிடங்களில் அது கூறியது பொருந்தாமற்போகவே, முதியவர் ஒவ்வொரு நெம்புகோலையும் மெதுவாக இயக்கிப் பார்த்து உறுதி செய்தார். அவர் சொல்லச் சொல்ல வெள்ளை வண்ணத்தில் நான் தமிழில் எழுதினேன். 'மட்டப்பலகை மேலே' என்பது அச்சிறிய இடத்தில் அடங்கவில்லை. 'இஸ்திரி மேலே', 'இஸ்திரி கீழே' என்று எழுதினேன். 'இடச் சங்கிலி', 'வலச் சங்கிலி', 'திருகு', 'அதிர்வு', 'நிறுத்து' ஆகியவை அவற்றைத் தொடர்ந்தன. குழுவில் வங்காளதேசத்துத் தொழிலாளர் இருவர் உண்டு. அவர்களுக்காகக் கீழே மலாயிலும் எழுதினோம். முதியவர் சிறிது நேரம் நின்று எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தார். நாற்பதாண்டுகள் இப்பொறிகளோடு வாழ்ந்தும், தாம் படிக்கத்தக்க எழுத்தை அவற்றின்மேல் அவர் கண்டதில்லை.

முதல் வேலை ஒரு மாநிலச் சாலையில், இரவு பத்து மணிக்கு. நானும் போயிருந்தேன். ஆலையிலிருந்து 160 பாகையை ஒட்டிய வெப்பத்தில் கிளம்பிய கலவை, கித்தான் போர்த்திய லோரிகளில் வந்தது. பொறியின் பின்னே முதியவர் நீண்ட வெப்பமானியைப் பரப்பினுள் செருகினார், 142 காட்டியது. இது 80, 90 பாகைக்கு இறங்குவதற்குள் உருளைகள் தம் வேலையை முடித்தாக வேண்டும். அதன்பின் எத்தனை முறை உருட்டினாலும் கலவை இறுகாது. ஆகவே எல்லாரும் விரைந்து ஓடுவர் என்று நான் எண்ணியிருந்தேன். பொறியோ ஆமையாக ஊர்ந்தது. "மூணுக்கு மேல போகாத தம்பி," என்று முதியவர் ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்கு மூன்று மீட்டர் என்பது பொருள்.

ஏன் மூன்று? கலவைச் சீட்டு ஒன்றின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடத்தின் அகலம் 3.5 மீட்டர், இறுகிய பின் கனம் 5 சென்டிமீட்டர், இறுகிய கலவை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.35 டன். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.41 டன் ஆகிறது. 20 டன் லோரி ஏறத்தாழ 49 மீட்டருக்குப் போதும். லோரி ஆலைக்குச் சென்று திரும்ப 100 நிமிடம், லோரிகளோ ஆறு. ஆகவே 16 அல்லது 17 நிமிடத்துக்கு ஒரு லோரிதான் வரும். 49 மீட்டரை அந்நேரத்தால் வகுத்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நான்கு மீட்டர் வேகத்தில் போனால் பொறி ஒவ்வொரு லோரிக்கும் நான்கு நிமிடத்துக்கு மேல் நின்று காத்திருக்க வேண்டும். நிற்கும் இடத்திலெல்லாம் பலகை சற்று அமிழும். முன்னாலுள்ள கலவை ஆறும். சாலையில் ஒரு வடு விழும். நான் தாளில் கண்டதை அவர் தாளில்லாமலே கண்டிருந்தார். மூன்றரை மணி நேரத்தில் 580 மீட்டர் முடிந்தது. இக்கணக்கை அடுத்த வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கொடுத்தேன். விடை கண்டவர் பலர். ஒரு சிறுமி மட்டும், "பாதியில மிஷின் கெட்டுப்போனா, ஐயா?" என்று கேட்டாள்.

இரண்டாம் மாதத்தில் அதுவும் நேர்ந்தது. நள்ளிரவு கடந்து, தொட்டி நிறைந்திருக்கும்போது வலச் சங்கிலியின் கண்ணி ஒன்று அறுந்தது. பின்னால் இரு லோரிகள் நின்றன. அச்சூழலில் முதலில் சங்கிலியைப் பார்க்கத் தோன்றும். முதியவர் எல்லார் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்துத் தொட்டியைக் காலி செய்யச் சொன்னார். கலவை உள்ளே ஆறி இறுகிவிட்டால் உளிகொண்டு செதுக்கி எடுக்க நாள்கள் ஆகும். அதற்குள் ஒப்பந்த நாள் கடந்துவிடும். அவர்கள் வெட்டி எடுத்ததைக் கைவண்டியில் தள்ளிச் சென்று, அருகிலிருந்த சிற்றிறக்கம் ஒன்றில் கையாலேயே பரப்பி உருட்டினர். ஒரு லோரிக் கலவை வேறொரு குத்தகையாளரின் வேலைக்குப் போயிற்று, மற்றொன்று வீணாயிற்று. வாங்கி வைத்திருந்த கண்ணிகளைப் பூட்டி, விடியற்காலை நான்கு மணிக்குப் பொறி மீண்டும் நகர்ந்தது. அந்தக் கண்ணிகளின் விலை சில நூறு வெள்ளிதான். அவை இல்லாதிருந்தால் தன் தாயாரின் பணத்தில் பாதி அந்த ஒரே வாரத்தில் போயிருக்கும் என்று அவன் என்னிடம் கூறினான்.

ஆண்டு மூன்றாகிறது. வங்கிக் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. தாயாருக்கு மாதந்தோறும் ஒரு தொகை போகிறது. சங்கிலியின் இறுக்குத் திருகு முனையை நெருங்கிவிட்டதால் வரும் மழைக்காலத்தில் சங்கிலியையே மாற்றப்போகிறார்கள். முதியவர் இப்போது இஸ்திரி பிடிப்பதில்லை. பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் திருகைத் தொடும்போதெல்லாம் "பொறு" என்கிறார். ஒவ்வோர் இரவும் வேலை முடிந்ததும், பொறி சூடாயிருக்கும்போதே டீசலை நனைத்துத் துடைத்துச் சுத்தம் செய்வது அவர் விதித்த சட்டம். தாரைக் கரைக்கும் டீசல் வண்ணத்தையும் கரைக்கும் அல்லவா? 'இடச் சங்கிலி', 'வலச் சங்கிலி' இரண்டும் அழிந்துவிட்டனவாம். பையன் நேற்று ஒன்றுக்கு ஒன்றை இழுத்துவிட்டானாம். வரும் சனிக்கிழமை தூரிகையோடு வரச்சொல்லி ஆளனுப்பியிருக்கிறார். இம்முறை எழுத்து சற்றுப் பெரிதாக இருக்க வேண்டுமாம், அவருக்குக் கண் மங்குகிறது.